கணிப்பொறி திடீரென நிற்பதேன்?

மின்விளக்கும் வானொலியும் மின்விசிறியும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லம் புகுந்தமை போலவே கணிப்பொறியும் இல்லம் புகுந்து நெடுநாளாயிற்று. ஆயினும் முன்னவற்றிற்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. விளக்கு அணைந்தால் ஒளி மட்டுமே போகும். மீண்டும் ஏற்றினால் அவ்வொளி குறைவின்றி வந்துவிடும். கணிப்பொறி திடீரென அணைந்தாலோ, அதன் நினைவகத்தில் அதுகாறும் இருந்த உழைப்பும் உடன் அழிந்துபோகும். மாணவன் ஒருவன் மூன்று மணி நேரம் தட்டெழுதிய கட்டுரையும், கடைக்காரர் ஒருவர் அன்று பதிந்த வரவு செலவும், இமைப்பொழுதில் இல்லையாகிவிடும். பொறியை மீண்டும் இயக்குவது எளிது. எழுதியதை மீண்டும் எழுதுவதே அரிது.

இவ்வாறு அழிவதற்குக் காரணம் யாது? முற்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் முதலில் மணலில் எழுதிப் பழகினர். பின்னரே ஓலையில் எழுத்தாணி கொண்டு பொறித்தனர். மணலில் எழுதுவது விரைவானது, எளிதானது. கை பட்டால் அழிவது. ஓலையில் பொறிப்பது மெதுவானது. ஆனால் நிலைத்து நிற்பது. கணிப்பொறியிலும் இவ்விரு வகை எழுத்துகள் உள. ‘ராம்’ எனப்படும் நினைவகம் மணலை ஒத்தது. மின்சாரம் உள்ளவரையே அதிற் பதிந்தவை நிற்கும். வட்டும், இக்காலத்து எஸ்.எஸ்.டி.யும் ஓலையை ஒத்தவை. ‘சேவ்’ செய்தல் என்பது மணலில் உள்ளதை ஓலைக்கு மாற்றுதலேயாம். மாற்றும் நேரத்திலேயே மின்சாரம் நின்றால் ஓலையும் அரைகுறையாய்க் கிடக்கும். இத்தீங்கைத் தடுத்தற்பொருட்டு, 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை, தான் செய்யப்போவதை முன்னரே ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு பின்னர்ச் செய்யும் வழக்கத்தை மேற்கொண்டது. அதனால் கோப்புகளின் அடுக்கு சிதையாமல் காக்கப்படுகிறது. ஆனால் சேவ் செய்யப்படாத எழுத்தை அதுவும் மீட்டுத் தராது.

பொறி நின்றவுடன் கடைக்குத் தூக்கிச் செல்வோர் பலர். அங்கே பழுது பார்ப்பவர் ஓர் உறுப்பை மாற்றுவார்; பொறி மீண்டும் நிற்கும்; பிறிதோர் உறுப்பை மாற்றுவார். பழுது நீங்குமுன் பாதி விலை செலவாகிவிடும். நல்ல மருத்துவர் நாடியைத் தொடுமுன் நோயாளியைப் பல வினாக்கள் வினவுவார். அவ்வினாக்களுக்கு விடை கூறுவோர், பொறியின் முன் நாள்தோறும் அமர்ந்திருக்கும் வீட்டாரேயன்றிப் பிறர் அல்லர்.

முதல் வினா, பொறி எவ்வாறு நின்றது என்பது. ‘நின்றது’ என்னும் ஒரு சொல்லால் மக்கள் நான்கு வேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கின்றனர். விளக்கு அணைந்தாற்போல ஒரு நொடியில் எல்லாம் இருண்டு, விசிறியின் ஒலியும் அடங்குவது ஒன்று. நின்றவுடன் தானே மீண்டும் தொடங்குவது மற்றொன்று. திரையில் அறிவிப்புத் தோன்றிப் பின் நிற்பது மூன்றாவது. விண்டோஸில் இவ்வறிவிப்பு நெடுங்காலம் நீலத்திரையாக இருந்தது. 2025-ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 அதனைக் கருந்திரையாக மாற்றிக்கொண்டது. நான்காவது நிற்பதே அன்று, உறங்குவது. சில நிமிடங்கள் எவரும் தொடாதிருந்தால் உறங்கும்படி பொறிக்குக் கட்டளையிடப்பட்டிருக்கும், அதனை அறியாதார் பழுது என அஞ்சுவர். முதல் வகை பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றியது, அல்லது வெப்பத்தைப் பற்றியது. மூன்றாவது நினைவகத்தையோ மென்பொருளையோ பற்றியது. இரண்டாவது எதனையும் பற்றியதாக இருக்கலாம். ஏனெனில் பிழை நேர்ந்தவுடன் தானே மீண்டும் தொடங்குமாறு விண்டோஸ் இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது. அவ்வமைப்பை நீக்கிவிட்டால், மறைந்தோடிய அறிவிப்பு திரையில் நின்று தன் செய்தியைக் கூறும்.

பொறி தானும் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது என்பதைப் பலர் அறியார். விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்பதைத் திறந்தால் அதனைக் காணலாம். முறையாக அணைக்கப்பட்டிருந்தால், யாருடைய கட்டளையால் அணைக்கப்பட்டது என்பது 1074 என்னும் எண்ணுடன் பதிவாகியிருக்கும். நள்ளிரவில் புதுப்பிப்பு வந்து தானே அணைத்துத் தொடங்கியதாயின் அதுவும் அங்கே இருக்கும். முறையின்றி நின்றிருந்தால் 6008 என்னும் எண்ணும், ‘கெர்னல் பவர்’ என்னும் பெயருடன் 41 என்னும் எண்ணும் காணப்படும். இந்த 41-ஐக் கண்டு, மின்சாரப் பகுதியே கெட்டது என்று முடிவு கட்டுவோர் உளர். அது பிழை. உயிர் போகும் நொடியில் எவனும் தன் சாவைக் குறிப்பில் எழுதுவதில்லை; பொறி மறுபடி எழுந்தபின், தான் முறையாக அணைக்கப்படவில்லை என்பதை உணர்ந்து எழுதும் குறிப்பே 41. நின்ற காரணத்தை அது கூறாது. நின்ற வேளையைத் தெரிந்துகொள்ளவே இக்குறிப்புகள் துணைசெய்யும். அவ்வேளையே பெருந்துணையாம். நின்ற வேளைகளை ஒரு தாளில் எழுதி, அப்போது வீட்டில் வேறு என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவருதல் வேண்டும்.

ஓர் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். அங்கே கணிப்பொறி காலை ஏழு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் நிற்கிறது. நடுப்பகலில் நிற்பதே இல்லை. தாளை நோக்கினால், அவ்விரு வேளைகளிலும் மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் போடப்படுவது புலனாகும். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வீட்டின் மின்னழுத்தம் சற்றே தாழும். பழைய குண்டு பல்பு இருந்த காலத்தில் அது மங்கி இச்செய்தியைக் காட்டிக்கொடுத்தது; இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பல, தாழ்ந்த அழுத்தத்திலும் ஒளி குன்றாமல் எரிவதால் அச்சான்று மறைந்துபோயிற்று. வயரிங் செம்மையாக உள்ள வீட்டில் இச்சிறு தாழ்வு கணிப்பொறியை நிறுத்தாது. எங்கேனும் ஒரு மூட்டு தளர்ந்திருந்தால் நிறுத்தும்.

ஆதலின் ஆராய்ச்சி சுவரிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஸ்விட்ச் போர்டில் பிளக் ஆடுகிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரே துளையில் மூன்று கருவிகள் தொங்குகின்றனவா? பொறியின் பின்புறம் செருகப்பட்ட கம்பி முழுதும் உட்புகுந்துள்ளதா? தளர்ந்த பிளக்கின் முனை கருகியிருக்கும், தொட்டால் சுடும். தொடுமுன் சுவிட்சை அணைத்தல் வேண்டும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. இவ்வளவு எளிய இடத்தில் பழுது இருக்கும் என்று எவரும் நினைப்பதில்லை. அதனாலேயே அங்கே அது நெடுநாள் மறைந்திருக்கும். மேசையைத் துடைக்கும்போதும் காலால் கம்பி இடறும்போதும் பொறி நிற்குமாயின் வேறிடம் தேடுதல் வேண்டா.

அடுத்து யூ.பி.எஸ். மின்சாரம் தடைப்படும்போது பொறியைத் தாங்குவதற்கென வாங்கப்பட்ட இக்கருவியே, முதுமை எய்தியபின் பொறியை வீழ்த்துவதும் உண்டு. இதனுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டு ஈயமில பேட்டரி. வெப்பம் மிகுந்த நாட்டில் அதன் வாழ்நாள் சில ஆண்டுகளே. வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி செத்திருக்கும். கணிப்பொறியைக் கொண்டே இதனைச் சோதித்தல் கூடாது. அதனைக் கழற்றிவிட்டு, 60 வாட்டுக் குண்டு பல்பு ஒன்றை யூ.பி.எஸ்.ஸில் எரியவிட்டுச் சுவரின் சுவிட்சை அணைத்துப் பார்க்கலாம். பல்பு தொடர்ந்து பல நிமிடம் எரிந்தால் நன்று. கண் சிமிட்டி அணைந்தால் பேட்டரியை மாற்றுதல் வேண்டும். மற்றொரு நுட்பமும் உண்டு. மலிவான யூ.பி.எஸ். பேட்டரியிலிருந்து தரும் மின்னலை, சுவர் மின்சாரத்தின் வளைவான அலையைப் போல் இராது, படிக்கட்டுப் போல் இருக்கும். புதிய வகை எஸ்.எம்.பி.எஸ். சில இவ்வலையை ஏற்காமல் நின்றுவிடும். பேட்டரியும் நல்லது, பொறியும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் தொல்லை என்னும் புதிருக்கு விடை இதுவே.

எஸ்.எம்.பி.எஸ். என்பது பெட்டியின் உள்ளே ஒரு மூலையில் இருக்கும் தகரக் கூடு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டு மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்சாரமாக மாற்றித் தருவது இதன் தொழில். 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் முறைப்படி, இந்த அழுத்தங்கள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவும் இறங்கவும் கூடா. அழுத்தங்கள் செவ்வையாக உள்ளவரை, ‘மின்சாரம் நலம்’ என்னும் பொருள்படும் ஒரு குறியை இக்கூடு தாய்ப்பலகைக்கு இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும். தாய்ப்பலகை என்பது கடைகளில் மதர்போர்டு என வழங்குவது. அக்குறி அறுந்த அதே நொடியில் பொறி தன் வேலையை விட்டுவிடும். தவறான மின்சாரத்தில் தவறான கணக்குப் போடுவதைவிட நிற்பதே நலம் என்பது இதனை அமைத்தோர் கருத்து. சுவர் மின்சாரம் அறுந்தாலும் முழுச் சுமையுடன் ஏறத்தாழ 16 மில்லி நொடி தாங்கும் ஆற்றல் இக்கூட்டிற்கு உண்டு. யூ.பி.எஸ். விழித்துக்கொள்வதற்கு அந்நேரம் போதும். கூடு முதுமையடைந்தால் இத்தாங்கும் ஆற்றலே முதலிற் குறையும். எவரும் உணராத ஒரு சிறு தடையும் அப்போது பொறியை நிறுத்திவிடும்.

இக்கூட்டைத் திறந்து பார்க்கும் ஆவல் இளைஞர்க்கு இயல்பு. அதனைத் திறத்தல் கூடாது. சுவர் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 300 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து, கெப்பாசிட்டர் என்னும் தேக்கிகளில் நிறைந்து நிற்கும். கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். உயிரைப் பறிக்கவும் வல்லது. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும், கம்பி சுவரில் உள்ளவரை, 5 வோல்ட்டு மின்சாரம் தாய்ப்பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் அறிதல் வேண்டும். ஆதலின் பெட்டியைத் திறப்பதாயின் கம்பியை முற்றும் கழற்றியபின்னரே திறத்தல் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். மீது ஐயம் எழுந்தால், நன்கு இயங்கும் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே வீட்டார்க்கு ஏற்ற சோதனை.

இனி, வெப்பம். கணிப்பொறியின் மூளை எனத்தக்க சில்லு, தபால்தலை அளவினதாயினும், கடுமையாக உழைக்கும்போது ஒரு குண்டு பல்பைப் போலச் சூடேறும். அவ்வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதற்காக, மெல்லிய தகடுகள் பல கொண்ட உலோகக் கட்டி ஒன்று அதன்மேல் இறுகப் பொருத்தப்பட்டு, அதன்மேல் ஒரு விசிறியும் சுழல்கிறது. முன்னதை ‘ஹீட் சிங்க்’ என்பர். இவை இல்லையாயின் நேர்வது யாது என்பதை 2001-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி ஆய்வு ஏடு செய்துகாட்டியது. இயங்கிக்கொண்டிருந்த பொறிகளின் ஹீட் சிங்கைக் கழற்றியபோது, பென்டியம் 4 என்னும் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது; அக்காலத்து அத்லான் சில்லோ சில நொடிகளில் புகைந்து கருகிற்று. இன்றைய சில்லுகள் யாவும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு பெற்றவை. வெப்பம் ஏறத்தாழ 95 அல்லது 100 பாகை செல்சியசை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். அதன்பின்னும் வெப்பம் ஏறினால், சேவ் செய்யவும் இடங்கொடாமல், மின்சாரத்தை அறுத்துக்கொள்ளும். ஆகவே திடீரென நிற்பது எப்போதும் நோய் அன்று; பெருநோயினின்று தப்பும் வழியாகவும் இருக்கலாம்.

வெப்பத்தால் நிற்பதையும் மின்சாரக் குறையால் நிற்பதையும் வேறுபடுத்தி அறிதல் எங்ஙனம்? நேரமே அதனைக் காட்டிக்கொடுக்கும். வெப்பம் மெல்ல ஏறுவது. விளையாட்டோ படத்தொகுப்போ தொடங்கிப் பத்து, இருபது நிமிடம் கழிந்தபின் நிற்குமாயின், முன்னதாக வேகம் குன்றி விசிறி இரையுமாயின், உடனே மீண்டும் இயக்க முன்னிலும் விரைவில் நிற்குமாயின், அரைமணி ஆறவிட்டபின் நெடுநேரம் ஓடுமாயின், அது வெப்பமே. விளையாட்டைத் தொடங்கிய நொடியிலேயே, முன்னறிகுறி ஒன்றுமின்றி நின்றால், சுமையைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஐயுறுதல் வேண்டும். இக்காலத்து கிராபிக்ஸ் கார்டுகள் சில, கணப்பொழுதில் தம் வழக்கமான தேவையினும் மிகுதியான மின்சாரத்தை இழுப்பன. மலிவான கூடு அதனைப் பழுது எனக் கருதித் தன்னை அடைத்துக்கொள்ளும். அவ்வாறு அடைத்துக்கொண்டபின், சிலவேளை, கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிச் சிறிது நேரம் கழித்து மாட்டினாலன்றிப் பொறி எழாது. இவ்வேற்றுமை ஒன்றை மட்டும் பழுது பார்ப்பவரிடம் தெளிவாகக் கூறினாலே, வீண்செலவு பாதியாகக் குறையும்.

கோடைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விசிறி வைத்துச் சில்லைக் குளிர்விக்கும்போது, அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனைக் கொண்டுவர இயலாது. மார்கழியில் 25 பாகையாக இருந்த அறை கத்திரி வெயிலில் 38 பாகை ஆகுமாயின், சில்லும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சுடும். குளிர்காலம் முழுதும் குறையின்றி ஓடிய பொறி சித்திரையில் நிற்பதற்கு வேறு பழுது தேட வேண்டா. மேசையின் கீழ் மூடிய அறைக்குள் பெட்டியை அடைத்து வைப்பதும், தூசி படியாதிருக்கவென்று துணி போர்த்தியபடியே ஓடவிடுவதும் பலர் வீட்டில் காணும் வழக்கங்கள். குளிருக்கு மனிதனைப் போர்த்தலாம், பொறியைப் போர்த்தலாகாது.

தூசியே இங்குப் பெரும்பகை. தெருவோரத்து வீடுகளில் ஓராண்டில் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சு மெத்தை போலத் தூசி அடைந்துவிடும். விசிறி சுழலும், காற்றோ உட்புகாது. கம்பியைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்துச் சென்று, புளோயர் கொண்டு ஊதுதல் வேண்டும். ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றேல் அளவுக்கு மீறிச் சுழன்று அச்சு கெடும். ஈரத்துணியால் துடைத்தல் கூடாது. சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசப்படும் ‘தெர்மல் பேஸ்ட்’ பல ஆண்டுகளில் உலர்ந்துபோகும். கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதே அதன் தொழில். காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஹீட் சிங்கைக் கழற்றினால் பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூசுதல் வேண்டும். பட்டாணி அளவு போதும். சட்னி தடவுவது போல் அள்ளித் தடவுவோர் காப்பதாக எண்ணிக் கெடுக்கின்றனர்.

பெட்டியைத் திறப்போர் அதனுட் பிற உயிர்களையும் காணக்கூடும். வெதுவெதுப்பை நாடிப் பல்லி புகுந்து மின்முனைகளுக்கிடையே கருகிக் கிடப்பதும், எறும்பு புற்று வைப்பதும் நம் வீடுகளிற் புதியன அல்ல. பின்புறத்தில் கார்டு கழற்றிய இடைவெளியைத் தகடு கொண்டு மூடாமையே இதற்கு வாயில். கணிப்பொறியின் வரலாற்றிலும் இத்தகைய விருந்தினர் ஒருவர் இடம்பெற்றுள்ளார். அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெரும்பொறி இயங்கிவந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அதன் மின்னிணைப்பு ஒன்றில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருந்தமையைக் கண்டவர்கள், அதனை எடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். பொறியின் பிழையைப் பூச்சி என்று பொருள்படும் ‘பக்’ என்னும் சொல்லால் அழைப்பது அதனின்றே பிறந்தது எனப் பலர் கூறுவர். உண்மை அதுவன்று, எடிசன் அச்சொல்லை 1870-களிலேயே ஆண்டுள்ளார். சொல் முன்னரே இருந்தமையால்தான், மெய்யான பூச்சியைக் கண்டபோது அவர்கட்கு நகை பிறந்தது. அவ்வேடு இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தாய்ப்பலகையில் உள்ள கெப்பாசிட்டர்களையும் ஒருமுறை நோக்குதல் நலம். சிறு உருளைகளாக நிற்கும் இவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியிருந்தாலும், பழுப்பு நிறக் கசிவு காணப்பட்டாலும் அவை கெட்டன. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், உள்ளே இட்ட நீர்மத்தின் குறையால் வாயு பிறந்து, உலகெங்கும் எண்ணற்ற பலகைகளில் இவ்வுருளைகள் உப்பி வெடித்தன. அதன்பின் வந்த பலகைகளில் திண்ம வகையே மிகுதி. பழைய வகை வாழும் காலம் வெப்பத்தைப் பொறுத்தது. பத்துப் பாகை மிகுந்தால் வாழ்நாள் பாதியாகும் என்பது பொறியாளர் கையாளும் கணக்கு. தூசி தட்டுவது இன்று பொறி நில்லாமைக்கு மட்டுமன்று, ஐந்தாண்டு கழித்து நில்லாமைக்கும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

நினைவகப் பலகை தன் பள்ளத்தில் தளர்ந்திருப்பினும் பொறி நிற்கும். பெரும்பாலும் அறிவிப்புத் திரையுடன் நிற்கும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அதனைக் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டலாம். சோதிக்க விண்டோஸிலேயே ஒரு கருவி உள்ளது. இரவு முழுதும் அதனை ஓடவிடுதல் நன்று. மென்பொருளா, உறுப்பா என்னும் ஐயம் தீர, பொறி தொடங்கும்போதே பயாஸ் திரைக்குச் சென்று அங்கேயே அரைமணி நேரம் விட்டுவைக்கலாம். விண்டோஸ் அப்போது விழித்தெழவே இல்லை. அங்கும் பொறி நின்றால் விண்டோஸின்மேல் பழியில்லை. ஆனால் அங்கே நில்லாமையால் மட்டும் உறுப்புகள் நல்லன என்று கொள்ளலாகாது. பயாஸ் திரையில் சில்லுக்குப் போதிய உழைப்பு இல்லை. அத்திரையிலேயே சில்லின் வெப்பமும் எழுதப்பட்டிருக்கும் என்பது கூடுதல் பயன். ஒன்றும் புலப்படாதபோது முன்புறத்துப் பொத்தானையும் நினைத்தல் வேண்டும். நான்கு நொடிக்கு மேல் அழுந்தியிருந்தால் பொறியை வலிந்து அணைக்கும்படி அது அமைந்துள்ளது. அழுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்ட பொத்தான், எவரும் தொடாமலே பொறியை அணைத்துக்கொண்டிருக்கும்.

எதனைச் செய்தாலும் ஒருமுறைக்கு ஒன்றே செய்தல் வேண்டும். தூசி தட்டி, நினைவகத்தை மாற்றி, விண்டோஸையும் புதிதாக நிறுவியபின் பொறி நன்றாக ஓடினால், எது பழுது என்பது எவர்க்கும் தெரியாது. மீண்டும் நிற்கும்போது எல்லாவற்றையும் மீண்டும் செய்தல் வேண்டிவரும். ஆராய்ச்சி தொடங்குமுன் தேவையான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைத்தல் முதற் கடமை. ஒவ்வொரு முறை திடீரென நிற்கும்போதும் கோப்புகள் சிதையும் இடர் உண்டன்றோ?

மடிக்கணினி நிற்பதற்கும் காரணங்கள் பெரும்பாலும் இவையே; அதன் விசிறியும் தகடும் சிறியன ஆதலின் தூசியால் விரைவில் அடைபடும். மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்து இயக்கினால் காற்றுப்புகும் துளைகள் அடியிலேயே மூடிக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றியவுடனோ, பேட்டரி 30 விழுக்காடு எனக் காட்டும்போதோ நின்றால், பேட்டரி தேய்ந்தது என அறியலாம். விசைப்பலகையோ அடித்தட்டோ சற்றே மேலெழும்பி, மேசைமேல் வைத்தால் பொறி ஆடுமாயின், உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது அதனை அழுத்தவோ குத்தவோ மேலும் சார்ஜ் ஏற்றவோ கூடாது, தீப்பற்றும். உடனே அணைத்து, எரியும் பொருள்கள் அருகில்லாத இடத்தில் வைத்து, பழகிய பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு பெறுவோரிடம் கொடுத்தல் வேண்டும்.